வலம் வந்த கம்பி

அச்சிட்ட படம் ஒன்றை அச்சுப் பிழை என்று முடிவு கட்டி, ஒரு விமானத்தின் போல்ட்டுகளை என் புத்திக்குச் சரியென்று பட்டபடி கட்டிவைத்தவன் நான். ஆள் ஏறிப் பறக்கிற விமானம். பொம்மையோ என்று எண்ணி யாரும் எனக்குச் சலுகை காட்ட வேண்டாம். அந்த நாட்களில் நான் மலேசியாவின் ஈப்போவில் ஆயுள் காப்புறுதி முகவராக இருந்தேன் என்பதையும் சேர்த்துப் படித்தால் விஷயத்தின் முழு அழகும் தெரியும். சனிக்கிழமை உயிருக்கு உத்தரவாதம் பேசிய அதே வாயில், ஞாயிற்றுக்கிழமை கம்பி வெட்டும் குறடைக் கவ்விக்கொண்டு நின்றிருக்கிறேன்.

விமானம் என் மச்சானுடையது; அதாவது என் மனைவியின் அண்ணன். ஈப்போவில் லாரி டயர்க் கடை வைத்திருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வீட்டு மாப்பிள்ளை என்பதால் என்னை எப்போதும் மரியாதைப் பன்மையில்தான் பேசுவார். திட்டுவதும் அதே பன்மையில்தான். "மாப்ள, நீங்க ஒரு மாடு" என்று அவர் சொல்வதைத் தூரத்திலிருந்து கேட்டவர்கள், எனக்கு ஏதோ பட்டம் கொடுக்கிறார் என்றே நினைத்திருப்பார்கள்.

வார இறுதிகளில் விமானம் ஓட்டப் படித்து உரிமமும் வாங்கியிருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு வரைபடக் கட்டைத் தபாலில் வரவழைத்தார். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். மரச்சட்டம், துணி போர்த்திய இறக்கை, முதுகு வளைந்த பழைய ஜெர்மன் காரிலிருந்து கழற்றிப் பொருத்துகிற இன்ஜின். வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. யார் வீட்டில் என்று போடவில்லை. மச்சானின் மனைவியை நாங்கள் எல்லாரும் அக்கா என்போம். அக்கா வரைபடத்தைப் பார்த்தார், தன் வரவேற்பறையைப் பார்த்தார், "வெளிய" என்றார்.

ஆகவே சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் புகைக்கூடத்தில் கட்டினோம். ரப்பர்த் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைத்த உயரமான கட்டடம் அது. தோட்டம் கைமாறி, ஆட்கள் டவுனுக்கு விரட்டப்பட்டு, பாதி மரங்கள் சாய்ந்துவிட்டன. எஞ்சியிருந்தவை இந்தக் கூடம், மருந்து தெளிக்கும் விமானம் இறங்குவதற்காக முன்பு வெட்டிவைத்த ஒரு புல் ஓடுதளம், மேட்டின்மேல் காலியாகக் கிடந்த துரை பங்களா. கூடத்தின் சுவரில் இருந்த புகை வாடை எங்கள் சட்டைக்குத் தாராளமாக மாறியது. ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பும்போது என் மனைவி கருவாட்டுக்காரன் வந்துவிட்டான் என்று உள்ளே குரல் கொடுப்பாள்.

அந்தத் தோட்டம்தான் வேண்டும் என்று மச்சான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அவர் அங்கே தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பாலுக்கு ரப்பர் மரம் சீவினார். துரை எதிரே வந்தால், சைக்கிளில் போகிறவன் இறங்கி ஓரமாக நின்று, அவர் கடந்த பிறகுதான் ஏற வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். கணக்கெழுதும் கிராணி வந்தாலும் அப்படியே. ஒரு மழை நாளில் அப்பா இறங்கச் சற்றுத் தாமதித்துவிட்டார். துரை திட்டவில்லை, அடிக்கவில்லை. சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு லயம் வரை நடக்கச் சொல்லிவிட்டு, பின்னால் காரில் மெதுவாக வந்தார். லயத்துச் சனம் வாசலுக்கு வந்து பார்த்துச் சிரித்தது. சின்னப் பிள்ளையாயிருந்த மச்சானும் சிரித்தாராம், அப்பா வேடிக்கை காட்டுகிறார் என்று. இதை என்னிடம் ஒரே ஒரு தடவை, டயருக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னார். டயர் வெடித்துவிடுமோ என்று நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பங்களாவின் கூரைமேல் ஒரு தடவை தாழப் பறக்க வேண்டும்.

"ஓடு நடுங்கணும் மாப்ள. எங்கப்பன் எறங்குன எடத்துல நான் எறங்காம போவணும். அவ்ளோதான்."

"துரைதான் சீமைக்குப் போயே எத்தனையோ வருசமாச்சே மச்சான். இருக்காரோ செத்தாரோ."

"பங்களா இருக்கு இல்ல? பேசாம கம்பியப் புடிங்க."

அவசரமும் இருந்தது. தோட்டத்தை வாங்கிய கம்பெனி அங்கே தாமான், அதாவது வரிசை வீடுகள், கட்டப்போவதாகச் சொல்லிவிட்டது. தீபாவளி கழிந்ததும் ஓடுதளம், கூடம் எல்லாம் புல்டோசருக்கு. அதற்குள் அரசாங்கத்தின் பரிசோதகர் வந்து பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். தவறினால் விமானம் வேறெங்காவது பறக்கலாம். இந்தப் பங்களாவின்மேல் பறக்க முடியாது.

வேலைப் பங்கீடு மச்சானுடையது. மரவேலை அவர், இன்ஜின் அவர். துணி ஒட்டுவதில் என்னை வைத்துப் பார்த்தார். இறக்கையும் என் இரண்டு விரல்களும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. பெயிண்ட் அடிக்க விட்டார். அந்தப் பேச்சு வேண்டாம். கடைசியில் தோளில் கை போட்டு, உறவினர் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்:

"மாப்ள, உங்களுக்குன்னு ஒரு வேல வச்சிருக்கேன். மூள தேவப்படாது."

அதுதான் முடுக்கிய போல்ட்டுகள் கழன்றுவிடாமல் காக்கிற வேலை. விமானத்தில் இறுக்கிய எதுவும் இறுக்கியபடி இருக்க விரும்புவதில்லை. இன்ஜின் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வில் ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக் கிளம்பப் பார்க்கும். சிலவற்றுக்குக் குறுக்கே ஒரு பின்னைச் செருகி வளைத்துவிடலாம். மூக்கில் சுழல்விசிறியைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளுக்கு அது முடியாது. அவற்றைக் கம்பியால்தான் கட்ட வேண்டும்.

போல்ட்டின் தலையில் குறுக்காக ஒரு துளை இருக்கும். அதில் மெல்லிய எஃகுக் கம்பியை நுழைத்து, இரு முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டே போய், அடுத்த போல்ட்டின் துளையில் முடிக்க வேண்டும். இப்படி ஜோடி ஜோடியாக. ஒரு போல்ட் கழலப் பார்த்தால் அது கம்பியை இழுக்கும். அந்த இழுப்பு பக்கத்துப் போல்ட்டை இறுகும் பக்கமாகத் திருப்பப் பார்க்கும். அது ஏற்கெனவே இறுகி நிற்பதால் அசையாது. ஆகவே இதுவும் கழல முடியாது. நல்ல தம்பதி மாதிரி. ஒருவருக்கு வீட்டைவிட்டு ஓடும் எண்ணம் வந்தால் மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. வாழ்க்கையில் முதன்முறையாகக் கையால் ஒன்றைச் செய்து அது அழகாகவும் இருந்தது. பூச்சரம் மாதிரி நெருக்கமாக, ஒரே சீராக முறுக்குவேன். வருகிறவர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன். மச்சான் திரும்பியும் பார்த்ததில்லை. முடுக்குவது ஆண்பிள்ளை வேலை, கட்டுவது பொம்பளை வேலை என்பது அவர் கொள்கை. சாப்பாடு கொண்டுவரும் அக்காதான் சிறிது நேரம் நின்று பார்ப்பார்.

"நட்டு கழண்டவரு ஒருத்தரு. அவருக்கு நட்டு கழலாம பாத்துக்க இன்னொருத்தரு. நல்லா அமஞ்சிருக்கு லா எனக்கு."

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். வரைபடக் கட்டில் கம்பி கட்டும் முறைக்கு ஒரு படம் இருந்தது. முதல் தலையை வலமாகச் சுற்றிப் புறப்பட்ட கம்பி, இரண்டாவது தலையை இடமாகச் சுற்றி முடிந்தது. பார்க்கப் பாம்பு நெளிந்தது போல இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒன்று வலமென்றால் மற்றதும் வலமாகத்தானே இருக்க வேண்டும்? ஞாயிறு பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். என்னுடைய "அறிஞர்" ஒருமுறை "அறிஞ்சர்" என்று அச்சாகி வந்திருக்கிறது. அச்சடிப்பவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்று தீர்மானித்து, இரண்டாவதையும் வலமாகவே சுற்றினேன். ஜோடிக்கு ஜோடி.

நான் கோயில் பக்கம் போகாதவன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பகுத்தறிவுக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். பிரகாரம் சுற்றுகிறவர்களைச் செக்குமாடு என்று எழுதி, என் மாமியாரை ஒரு மாதம் சோறு போடாமல் இருக்கச் செய்திருக்கிறேன். ஆனால் எதையாவது சுற்று என்றால் கை தானாக வலப்பக்கம் போனது. இடமாகச் சுற்றினால் ஏதோ விளங்காமல் போய்விடும் என்று உள்ளே எதுவோ சொன்னது. அதைத்தான் பொறியியல் என்று நினைத்தேன்.

பரிசோதனை நாள் ஒரு ஞாயிறாக அமைந்தது. தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தன. சில வாரங்களாக மழை இல்லாமல் வெயில் காய்ந்தது. பரிசோதகர் கையெழுத்துப் போட்ட அடுத்த நிமிடமே ஏறிப் பறப்பது மச்சானின் திட்டம். ஆகவே ஊரையே அழைத்திருந்தார். டயர்க் கடை வாடிக்கையாளர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், இரண்டு பக்கத்து உறவுகள், பழைய லயத்துச் சனம். கூடாரம் போட்டு, அக்கா மீஹூனும் கோழிப் பிரட்டலும் வைத்திருந்தார். மச்சான் வெள்ளைச் சட்டையில், மீசைக்கு எண்ணெய் போட்டு நின்றார். மேட்டைக் காட்டி, "அந்தக் கூரமேலதான். தலையில தொப்பி இருந்தா புடிச்சிக்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

சிரிப்பதற்கென்றே வந்த கூட்டம் அது. மேலே போனால் கைதட்டலாம், போகாவிட்டால் இன்னும் நல்லது என்ற முகங்கள்.

"ஏஜெண்டு அண்ணே, மச்சானுக்குப் பாலிசி எடுத்துட்டீங்களா?"

"எடுத்தா கம்பெனிதான் விழும் லா!"

பரிசோதகர் வந்தார். ஒல்லியான மனிதர், காதோரம் நரை. பூர்வீகம் யாழ்ப்பாணம், பேச்சில் "ஐசே" என்ற விளி போகவில்லை. கைகொடுத்தார், சாப்பாட்டை அப்புறம் என்றார், இறக்கையிலிருந்து தொடங்கினார். மரவேலையைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். துணியை விரலால் சுண்டிப் பார்த்துத் தலையசைத்தார். மச்சானின் மார்பு அங்குலம் அங்குலமாக விரிந்தது. பிறகு மூக்குப் பக்கம் வந்து, சுழல்விசிறியின் நடுவே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"இந்தக் கம்பி ஆர் கட்டினது?"

நான் முன்னால் வந்தேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்து என் மனைவியைக்கூட ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"நீரோ? வடிவாக் கட்டியிருக்கிறீர் ஐசே. பூமாலை மாதிரி." ஜோடியில் முதலாவதைத் தொட்டார். "இது சரி." இரண்டாவதைத் தொட்டார். "இது பிழை." அடுத்த ஜோடி. "இது சரி. இது பிழை." வட்டம் முழுக்க அப்படியே தொட்டுக்கொண்டே வந்தார். "நீர் கோயிலுக்குப் போற ஆளோ?"

"இல்லிங்க சார். நான் பகுத்தறிவுவாதி."

"அப்ப உம்மட கை மட்டும் போய்வருது போல."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கமிட்டிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்: "ராகு கேதுவுக்கு எடமா சுத்தணும்னு நம்ம மாப்ளைக்கு யாரும் சொல்லிக் குடுக்கல லா!"

பரிசோதகர் சிரிக்கவில்லை. நான் கட்டிய முறையில் முதல் போல்ட் கழன்றால் அது கம்பியை இழுத்து இரண்டாவதையும் கழற்றிவிடும் என்பதைப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார். காவலுக்கு வைத்தவன் தனியாக ஓடாமல் வீட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி. சோதனைக்காக இன்ஜினைப் பல வாரம் ஓடவிட்டிருக்கிறோம். வெயிலில் விசிறியின் மரமும் சுருங்கியிருக்கிறது. அவர் குறடு கேட்டார். என் குறடைத்தான் கொடுத்தேன். ஒரு ஜோடியின் கம்பியை வெட்டினார். இரண்டாவது போல்ட்டின் தலையை இரண்டு விரலால் பிடித்து, பவுடர் டப்பாவின் மூடியைத் திறப்பது போலத் திருப்பினார். அது திரும்பியது.

சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம்தான்.

"இதோட மேல போயிருந்தா கிப்பாஸ் தன்ர பாட்டில போயிருக்கும்" என்றார் பரிசோதகர், விசிறியைத் தட்டி, மச்சானைப் பார்த்து. "நீர் உம்மட பாட்டில கீழ வந்திருப்பீர்."

மச்சான் அந்தப் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பவே திருப்பி முடுக்கிடுறேன் சார். நானே கட்டுறேன். அர மணி நேரம்."

"ஏலாது. எல்லாப் போல்ட்டையும் கழட்டி எறியும். புதுசு எடுப்பியும். அதுக்குப் பிறகு திருப்பி இன்ஜின் ஓட்டிக் காட்டும். அடுத்த வருசம் பாப்பம்."

"அடுத்த வருசம் இந்த எடம் இருக்காது சார்."

"வேற இடத்தில பறவும் ஐசே. ஆகாயம் எல்லா இடத்திலயும் இருக்குது."

இந்த இடம்தான் வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மச்சானும் சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால், அவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு வாசலில் நின்று சிரித்தவர்களாக இருக்கும்போது, எதைச் சொல்வது? பரிசோதகர் கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அக்கா அவர் தட்டில் கேட்காமலே இரண்டாவது தடவையும் கோழி வைத்தார். அந்தக் கூட்டத்தில் மச்சான் உயிரோடு இருப்பதில் சந்தோஷப்பட்டவர் அக்கா ஒருவர்தான். அதை மச்சான் பார்த்துவிட்டார், கடைசிவரை மன்னிக்கவில்லை.

சனம் மீஹூனை முடித்துக்கொண்டு, டயரை ஏன் கம்பியால் கட்டுவதில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்தபடி கலைந்தது. பரிசோதகர் வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகளை நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். செய்வதற்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மச்சான் பக்கத்தில் வந்து நின்றார்.

"உசுரு பொழச்சிச்சே மச்சான்" என்றேன். முகவர் பேச்சு, வாய் பழகிவிட்டது.

"செத்திருந்தாலும் மேல போய்ச் செத்திருப்பேன்டா" என்றார். குரல் உயரவில்லை. "நீ என்னக் கீழ வச்சே கொன்னுட்ட."

கல்யாணமான நாள் முதல் எனக்கு இருந்த மரியாதைப் பன்மை அன்றோடு போயிற்று. பிறகு திரும்பி வரவே இல்லை.

தீபாவளி கழிந்தது. கூடத்தைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான். இறக்கைகளைக் கழற்றி, உடலை ஒரு வாடிக்கையாளரின் லாரியில் ஏற்றி, டயர்க் கடையின் பின்கட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடு. இறக்கைகளை வழியில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரும் வராததால் மச்சான் எனக்குச் சொல்லியனுப்பினார். நேரில் வந்து கேட்கவில்லை. நான் போனேன்.

கீழ்ப்பாதையைப் புல்டோசர் ஏற்கெனவே கிளறிப் போட்டிருந்தது. வெளியே போக மேட்டுப் பாதை ஒன்றுதான். பங்களாவின் வாசலை ஒட்டிப் போகிற பாதை. ஓட்டுநர் அதைச் சொன்னதும் மச்சான் லாரியின் பின்னால் ஏறி, இறக்கையில்லாத அந்த விமானத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நான் இரண்டு இறக்கைகளையும் அணைத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். லாரி முதல் கியரில் முனகி ஏறியது. செம்மண் புழுதி. லாரியின் உயரம், அதன்மேல் விமானத்தின் உயரம். அவர் தலை ஏறத்தாழப் பங்களாவின் கூரை விளிம்புக்கு வந்துவிட்டது. ஓடுகளை எடுத்துவிட்டு நீலத் தகடு போட்டிருந்தார்கள். அவர் அதையே பார்த்தார். கைகள் விமானத்தின் ஓட்டுபிடியைப் பிடித்திருந்தன. அந்த முகத்தை நான் கேலி செய்ய முயன்று பார்த்திருக்கிறேன், இன்றுவரை வரவில்லை.

வாசலில் இரண்டு கார்கள் வழியை அடைத்து நின்றதால் லாரி நின்றது. பங்களா முகப்பில் பெரிய பலகை, வண்ணக் கொடிகள், குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு நம் தமிழ்ப் பெண் ஒருத்தி, கழுத்தில் அட்டையும் கையில் விளம்பரத் தாள்களுமாக ஓடிவந்தாள். லாரியைப் பார்த்தாள். விமானத்தைப் பார்த்தாள். அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மச்சானை அண்ணாந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

"வீடு புக் பண்ண வந்தீங்களாண்ணே? கார்னர் லாட் எல்லாம் முடிஞ்சிருச்சு லா."